கழிப்பறைக்கு மேற்கே கத்திய பல்லி

தை மாதத்தில் மிளகு பறிக்க ஏணியில் ஏறிய என் வீட்டுக்காரர், சில்வர் ஓக் மரத்தின் பாதி உயரத்திலிருந்து கீழே விழுந்தார். இடது பக்க இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆளை வைத்துப் பறியுங்கள் என்று நான் வருடா வருடம் கத்துவேன். அவரும் வருடா வருடம் ஏறுவார். இந்தத் தடவை நாமக்கல் ஆஸ்பத்திரியில் தகடு வைத்து ஆபரேஷன் செய்து, பதினெட்டு நாள் படுக்க வைத்துவிட்டார்கள்.

விழுந்ததைக்கூட மன்னித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவர் சாப்பிடாமல் கிடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டில் ஒரு வேளைக்கு எட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஒன்பதாவதை நான் எடுக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர் அவர். அங்கே ஒரு இட்லியைப் பிய்த்துப் பாதியை ஓரமாகத் தள்ளினார். கேட்டால் பசிக்கவில்லை என்றார். பொய். எனக்குக் காரணம் தெரியும். மலம் கழிக்கப் படுக்கையிலேயே தட்டு வைத்து எடுக்க வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்திய நான் எடுத்தாலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். உள்ளே ஏதும் போகாவிட்டால் வெளியே வராது என்று கணக்குப் போட்டு, சாப்பாட்டையே குறைத்துவிட்டார். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்திக்கொண்டு, பார்க்கவே வயிறு எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம், வாக்கர் பிடித்து நடக்கலாம், ஆனால் குத்தவைத்து மட்டும் உட்காரவே கூடாது என்றார். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் வீட்டுக் கழிப்பறை வாசலைத் தாண்டி, நான்கு படி இறங்கி, தரையோடு தரையாகப் பதித்தது.

டாக்டர் போனதும் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"ஏ புள்ள, ஊட்டுக்கு வந்தாலும் இதே தட்டுத்தானா?"

"இல்லீங்க. வெள்ளிக்கெழம நீங்களே நடந்து போயிட்டு நடந்து வருவீங்க."

"அதுக்குள்ள ஆயிருமா?"

"ஆகும். நானாச்சு."

"ஊரு பூராச் சொல்லிப்போடாத."

சரி என்றேன். ஒன்றாம் வகுப்புக்கு முப்பத்தொரு வருடம் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். சொன்ன சொல் தவறக் கூடாது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட வாய் கொடுத்த வாக்கு அது. திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்த மகனை அப்பாவுக்குத் துணையாக வைத்துவிட்டு, நான் மலை மேலிருக்கும் எங்கள் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

வழியில் அடிவாரத்துக் கடையில் இறங்கினேன். கடைக்கார பாய் ஒரு வெள்ளைப் பீங்கான் டாய்லெட்டை விரலால் தட்டிக் காட்டினார். கணீரென்று கேட்டது.

"யாருக்குங்க டீச்சர்?" என்றார்.

"எல்லாருக்குந்தான். வயசாகுதுல்ல," என்று மழுப்பினேன். "வைக்கறதுக்கு ஆளு வேணுமே பாய்?"

"ஒருத்தரு இருக்காருங்க. கொத்து வேலை, பைப் வேலை ரெண்டும் பாப்பாரு. ஒரு சொட்டு ஒழுகாது. என்ன, கொஞ்சம் யோசிப்பாரு."

"யோசிக்கிற ஆள்தான் வேணும், அனுப்புங்க," என்றேன். என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

திங்கட்கிழமை காலை சிமென்ட் ஏற்றி வந்த லாரியில் அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஆறடி உயரம், முறுக்கு மீசை, கதவுப் பலகை மாதிரி மார்பு. அந்த மார்போடு அணைத்தபடி, பழைய போர்வை சுற்றிய பீங்கானை வைத்திருந்தார். லாரிக்காரர் கயிறு போட்டுக் கட்டலாம் என்றாராம். கயிற்றின் மேல் இவருக்கு நம்பிக்கை வரவில்லை. மலைப்பாதையின் எழுபது வளைவையும் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். இறக்கி வைத்ததும் கொய்யா மரத்தடிக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தார். பாவம் என்று மோர் கொடுத்தேன்.

"குடிக்கலாமுங்களா டீச்சர்?" என்றார்.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

படுக்கையறையை ஒட்டி எங்களுக்குப் பெரிய குளியலறை ஒன்று உண்டு. குளிக்க மட்டும்தான். அதற்குள்ளேயே டாய்லெட்டை வைத்துவிடுவது என்று முடிவு. இடம் தாராளம். அதுதான் வம்பாகப் போயிற்று. எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்றால் அந்த மனிதர் எங்கே வைப்பார்? டேப்பை எடுத்துத் தெற்குச் சுவரிலிருந்து அளந்தார். பென்சிலால் கோடு போட்டார். அழித்தார். மறுபடி அளந்தார். கோடு போட்டார். என்னைப் பார்த்தார்.

"இங்க வெக்கலாமுங்களா?"

"வையுங்க."

"இல்ல, நாலு வெரக்கட தள்ளி வெக்கலாமுங்களா?"

"தள்ளி வையுங்க."

"நீங்க சரின்னு சொன்னாச் சரீங்க."

"சரி."

"மனசாரச் சொல்றீங்களா டீச்சர்?"

மத்தியானம் வரை இதேதான். சாப்பிட்ட பிறகு அவர் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம். தூங்குகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. பக்கத்தில் ஓரம் கிழிந்த பஞ்சாங்கம் ஒன்று கிடந்தது.

"என்னத்தப் பாக்கறீங்க தம்பி?"

"கவுளி சொல்லோணுமுங்க."

எங்கள் பக்கத்தில் பல்லியைக் கவுளி என்போம். பல்லி எந்தத் திசையிலிருந்து, எந்தக் கிழமையில் சத்தம் கொடுத்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் கட்டம் போட்டே இருக்கும். கல்யாணம் பேசும்போது பல்லி சொன்னால் தரையை விரலால் தட்டிச் சந்தோஷப்படுகிறவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனால் தரையை உடைப்பதற்குப் பல்லியிடம் உத்தரவு கேட்கிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

"கவுளி சொல்லாட்டி?"

"சொல்லுமுங்க. எங்கூருல நிமிசத்துக்கு ஒருக்காச் சொல்லுமுங்க."

அவர் ஊர் அடிவாரம். வெயில் கொளுத்தும், சுவருக்கு நாலு பல்லி இருக்கும். இது மலை, தை மாதக் குளிர். இங்கே பல்லிகளெல்லாம் ஓட்டுக்கு அடியில் சுருண்டு கிடக்கும், வாயைத் திறக்காது. அதை நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு, "நாளைக்கு வாரேனுங்க," என்று மலை மேலேயே செம்மேட்டிலிருக்கும் மச்சினர் வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை போயே போச்சு. என் பற்களை நான் கடித்த கடியில் ஒன்று ஆடிவிட்டது.

மகனுக்குப் போன் போட்டேன். அப்பா காலையில் ஒரு இட்லி, மத்தியானம் இரண்டு கரண்டி ரசம் சாதம் என்றான். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டான். அமோகமாக நடக்கிறது என்றேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி. வாளி மேல் அதே ஆள், அதே பார்வை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாயில் நல்ல வசையாக நாலு வந்தது, முழுங்கிக்கொண்டேன். திட்டினால் அந்த மீசை அழுதாலும் அழுதுவிடும், அழுதால் அன்றைய பொழுதும் போய்விடும். வேறு ஆளைக் கூப்பிட நாளும் இல்லை. அப்போதுதான் எனக்குள் இருந்த குறும்பு கண்ணைத் திறந்தது.

முப்பத்தொரு வருடம் ஒன்றாம் வகுப்பில் காக்கா, தவளை, ஆந்தை, அணில் என்று கத்திக் காட்டிக் காட்டியே பாடம் நடத்தியவள் நான். பல்லி எனக்கு எம்மாத்திரம்! சமையல்கட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போய், குளியலறையின் தெற்குச் சுவரை ஒட்டிக் குனிந்து நின்றேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்தேன்.

"ட்ச்... ட்ச்... ட்ச்... ட்ச்."

உள்ளே வாளி நகரும் சத்தம். தரையை விரலால் மூன்று முறை தட்டும் சத்தம். அப்பாடா என்று நிமிர்ந்தேன். பஞ்சாங்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு ஒன்றுமில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் மறுபடி வாளி மேல் உட்கார்ந்திருக்கிறார்.

"இப்பக் கவுளி சொன்னாப்பல இருந்துச்சே தம்பி?" என்றேன், ஒன்றும் தெரியாத முகத்தோடு.

"சொல்லுச்சுங்க. தெக்க சொல்லுச்சு. செவ்வாக்கெழம தெக்க சொன்னா கலகமுன்னு போட்டிருக்குதுங்க."

கலகம்தான்! இன்னும் கொஞ்ச நேரம் போனால் நடந்திருக்கும். சமையல்கட்டுக்கு ஓடி, என் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் விரலை ஓட்டினேன். மேற்கே லாபம் என்றிருந்தது. நல்லவேளை, மேற்குச் சுவரை ஒட்டித்தான் மிளகு காயப்போடும் களம். அங்கே நான் நின்றால் மிளகைக் கிளறுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

களத்தில் போய்க் கத்தினேன். உள்ளே டேப்பை இழுத்து அளக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் என் காதுக்கு நாதஸ்வரம் வாசித்த மாதிரி இருந்தது.

ஒரு தடவையோடு விட்டாரா? கோடு போட ஒரு உத்தரவு. தரையை உடைக்க ஒரு உத்தரவு. பைப்பை இறக்க ஒரு உத்தரவு. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் உள்ளே சத்தம் அடங்கும். அடங்கியதும் நான் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடுவேன். முட்டி வலியோடு மேற்குச் சுவருக்கும் சமையல்கட்டுக்கும் எத்தனை நடை! மூன்றாவது தடவை குனிந்து கத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க டீச்சரக்கா, என்ன பண்றீங்க?"

"மெளகு கிளர்றேன்."

"மெளகு அந்தப் பக்கமல்லங்க கிடக்குது?"

"இந்தப் பக்கமும் கொஞ்சம் சிந்திருச்சு."

"நீங்க சொவத்தப் பாத்து என்னமோ பேசுனாப்பல இருந்துச்சுங்க."

"சொவத்துகிட்ட நான் என்ன பேசப் போறேன், போ கண்ணு."

அவள் போனாள். சாயங்காலம் வாழையிலையில் விபூதியோடு திரும்பி வந்து, என்னைக் கேட்காமலே நெற்றியில் பூசிவிட்டாள். "மாமன் நல்லபடியா வந்துருவாருங்க, மனசப் போட்டு உழப்பிக்காதீங்க," என்று முதுகைத் தடவினாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக எங்கள் வளப்பூர் நாட்டு ஊர்களிலெல்லாம் அன்றைக்கே சேதி போயிருக்கும். போகட்டும். தரை உடைந்துவிட்டது, பைப் இறங்கிவிட்டது. எனக்கு அது போதும்.

புதன்கிழமை மீசைக்காரர் உற்சாகமாக வந்தார். நானும் உற்சாகமாகக் கத்தினேன். புதன்கிழமைக்கும் மேற்குத் திசை தோஷமில்லை என்று காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன். சாயங்காலம் நான்கு மணிக்கு, "வந்து பாருங்க டீச்சர்," என்று கூப்பிட்டார். தூசியும் ஜல்லியுமாக இருந்ததால் இரண்டு நாளாக நான் உள்ளே சரியாக எட்டிப் பார்க்கவில்லை. வெளியே கத்துவதற்கே நேரம் சரியாக இருந்தது.

பார்த்தேன். வெள்ளைப் பீங்கான், பின்னால் தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் ஈரமான வெள்ளை சிமென்ட். பளபளவென்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. கும்பிடலாம் போல வந்தது.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. இவ்வளவு பெரிய அறையில் அது மேற்குச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, மூலையில் ஒதுங்கி நின்றது. உட்கார்ந்தால் இடது முழங்கை சுவரில் இடிக்கும். வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் செய்தது இடது பக்கம். அந்தக் காலை அகட்டி நீட்டித்தான் உட்கார வேண்டும், எழுந்திருக்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வாக்கருக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்துப் பார்த்தேன். நாற்காலிக் கால் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு வாய் ஓடியது.

"யோவ்! அறுபது பேரு படுக்கற எடத்துல இந்தச் சொவத்துல கொண்டாந்து எதுக்கய்யா ஒட்டி வெச்ச? உனக்குக் கண்ணு இல்லையா?"

தம்பி, வாங்க, போங்க எல்லாம் காற்றில் போய்விட்டது. அவர் மீசை நடுங்கியது.

"நீங்கதானுங்களே சொன்னீங்க."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"மேக்க நின்னு சொன்னீங்களே டீச்சர். மொதல்ல நடுவுலதானுங்க கோடு போட்டேன். நீங்க மேக்க நின்னு சத்தங் குடுத்தீங்க. செரி, மேக்க தள்ளி வெக்கச் சொல்றாங்கன்னு ரெண்டடி தள்ளுனேனுங்க. மறுக்காவும் மேக்கயே நின்னு குடுத்தீங்க. இன்னும் தள்ளோணுமாட்ட இருக்குதுன்னு தள்ளுனேனுங்க. மூணாவதும் அங்கயே நின்னுட்டீங்க. அதுக்கு மேல சொவருங்களே, எங்க தள்றது?"

சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நாந்தான்னு உனக்குத் தெரியுமா?"

"தெக்க சொன்னது நெசமாலுமே கவுளின்னுதானுங்க நெனச்சேன். மேக்க சொல்லறப்ப வளையல் சத்தம் கேட்டுதுங்க. சன்னல்ல உங்க கொண்டையும் தெரிஞ்சுதுங்க."

"தெரிஞ்சுமா பேசாம இருந்த?"

"வாயால சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டு டீச்சரு இப்புடிச் சாடை காட்றாங்கன்னு நெனச்சேனுங்க. பெரியவங்க. கேட்டா மரியாதையா இருக்குமுங்களா?"

கோபப்படுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வாளியைக் கவிழ்த்து, நானே அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். முட்டி தேய ஓடி ஓடி நான் கத்தியதெல்லாம் டாய்லெட்டை மூலைக்குத் துரத்தத்தான் உதவியிருக்கிறது. அவரும் தரையில் உட்கார்ந்தார். கேட்காமலே சொன்னார். சமவெளியில் ஒரு வீட்டில், வீட்டுக்காரர் சொன்ன இடத்தில் வாஷ்பேசின் வைத்தாராம். வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, எந்த மடையன் இங்கே வைக்கச் சொன்னது என்று கேட்டாராம். வீட்டுக்காரர் கூசாமல், நான் சொல்லவே இல்லையே என்றாராம். நாலு பேர் முன்னால் கண்டபடி பேசிவிட்டார்கள். அதிலிருந்து யார் சரி என்று சொன்னாலும் இவருக்குக் கை வராதாம்.

"கவுளி பேச்ச மாத்தாதுங்க டீச்சர்."

நானும்தான் ஒரு நிமிடம் முன்னால், நான் எப்பச் சொன்னேன் என்று கேட்டேன். சுருக்கென்றது.

"ஆமா தம்பி, நாந்தான் கத்துனேன். தப்பு என்னுது. இப்ப என்ன பண்ணலாம், அதச் சொல்லுங்க."

அவர் சிமென்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் எறுகலீங்க. இப்ப எடுத்தா உடையாம எடுத்துப்போடலாம். ஆனா எங்க வெக்கறது?"

"எனக்குத் தெரியாது. நீங்கதான் வேலக்காரரு."

அவர் மறுபடி கூரையைப் பார்த்துவிடுவாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இது யாருக்குங்க டீச்சர்? நெசத்தச் சொல்லுங்க."

ஊர் பூராச் சொல்லாதே என்று வீட்டுக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த ஒரு ஆளுக்குச் சொன்னால் ஊர் பூராச் சொன்னதாகாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. இடுப்பு முறிந்தது, தட்டு, சுவர்ப் பக்கம் திரும்பும் முகம், ஒற்றை இட்லி, நான் கொடுத்த வாக்கு. இரண்டு நாளாகப் பல்லி மாதிரி கத்தத் தெரிந்த எனக்கு, இதை முதலிலேயே சொல்லத் தெரியவில்லை.

 அவர் எழுந்து, பீங்கானைக் கட்டிப் பிடித்து, ஒரே தூக்காகத் தூக்கிப் போர்வை மேல் படுக்க வைத்தார். அடியில் ஒட்டியிருந்த சிமென்ட்டைத் துணியால் வழித்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார். ஐயா என்ன உயரம்? எந்தக் கை வலு? வாக்கர் எத்தனை அகலம்? உட்கார்ந்தால் முட்டி எந்த மட்டத்துக்கு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்? மூன்று நாளில் அவர் கேட்ட சரியான கேள்விகள் அவைதான். எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. மகனுக்குப் போன் போட்டு, டேப் வாங்கி வாக்கரையும், அப்பாவின் காலைப் பாதத்திலிருந்து முட்டி வரைக்கும் அளக்கச் சொன்னேன்.

"டாய்லெட்டுக்கு எதுக்கும்மா அப்பா காலை அளக்கணும்?" என்றான்.

"அளடா சாமி, சொல்றதச் செய்," என்று அதட்டினேன்.

வியாழக்கிழமை மீசைக்காரர் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். நான் கதவு நிலையைத் தாண்டவில்லை. ஒரு பேச்சும் பேசக் கூடாது என்று முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு நின்றேன். அவர் குரல் தயங்கியது, கை தயங்கவில்லை. பைப்பை வெட்டி, வளைவுக்கு எல்போ மாட்டி, அறையின் நடுவுக்குக் கொண்டுவந்தார். வீட்டுக்காரரின் முட்டி உயரத்துக்குத் தோதாக, அடியில் செங்கல் வைத்து ஒரு மேடை கட்டினார். அதன் மேல் பீங்கானை ஏற்றினார். வலது கைக்கு எட்டுகிற மாதிரி, தரையிலிருந்து ஒரு இரும்புக் கம்பியை நட்டு, நான்கு பக்கமும் கான்கிரீட் போட்டார். நட்டதும் தன் முழுப் பாரத்தையும் அதில் போட்டுத் தொங்கிப் பார்த்தார். ஆறடி ஆள் தொங்கியும் கம்பி அசையவில்லை.

வெள்ளை சிமென்ட்டைப் பூசும் நேரத்தில், எங்கிருந்தோ ஒரு நிஜப் பல்லி சத்தம் கொடுத்தது. தெற்கிலிருந்துதான். வெயில் கொஞ்சம் ஏறியிருந்தது, அதற்கும் பேச ஆசை வந்திருக்கும். நான் முந்தானையை இன்னும் இறுக்கிக் கவ்வினேன். அவர் கரண்டியை நிறுத்தினார். ஒரு நொடி.

"அது அதோட வேலையப் பாக்கட்டுமுங்க," என்றுவிட்டு மேலே பூசினார்.

நாளை மத்தியானம் மூன்று மணி வரை யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குக் கார் வந்தது. மகன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து இறக்கினோம். பதினெட்டு நாளில் வேட்டி அவருக்கு இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தது. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்திருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்குத் தட்டைத் தள்ளினார்.

"போதும் புள்ள."

"ஏனுங்க, எல்லாந் தயாரா இருக்குது. சாப்பிடுங்க."

"பாத்துக்கலாம்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என் வாக்கின் மேல் நம்பிக்கை வரவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு சமையல்கட்டில் போய் நின்று அழுதேன். மூன்று மணி எப்போதடா வரும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரைக்கு வாசலில் ஆள் சத்தம். பார்த்தால் அவர்தான், மீசைக்காரர். சிமென்ட் இறுகியதா என்று பார்க்க வந்தேன் என்றார். அதற்காக அடிவாரத்திலிருந்து அத்தனை வளைவும் ஏறி வந்திருக்கிறார். அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கம்பியில் இன்னொரு தடவை தொங்கிப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்று, யாரையும் எதையும் கேட்காமல், "போலாமுங்க ஐயா," என்றார்.

வீட்டுக்காரர் வாக்கரைப் பிடித்து எழுந்தார். நான் கூடப் போனேன். குளியலறை வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ அங்கயே நில்லு."

கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே வாக்கர் மூன்று அடி நகர்ந்தது. பிறகு ஒன்றுமில்லை. வெளியே நான், மகன், மீசைக்காரர் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். படித்த குடும்பம் ஒரு கழிப்பறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருந்தால், விபூதியோடு விட்டிருக்க மாட்டாள், பூசாரியையே கூட்டி வந்திருப்பாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்பா என்று கூப்பிடப் போன மகன் வாயை நான் பொத்தினேன். கடைசியில் தொட்டித் தண்ணீர் சளசளவென்று இறங்கும் சத்தம் கேட்டது. மீசைக்காரர் குனிந்து, கதவடியில் ஈரம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை.

கதவு திறந்தது. அவரே திறந்தார். அவரே நடந்து வந்தார். எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன, பஸ்ஸுக்கா நிக்கறீங்க?"

மூவரும் வழிவிட்டு விலகினோம். அவர் எங்களைத் தாண்டி, வாக்கரை மெல்ல வைத்து வைத்து, சாப்பாட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்தார். ஓரமாகத் தள்ளி வைத்திருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஏ புள்ள, சோறு இன்னும் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"நெறையாப் போடு."